ஆயிரம் யாருக்கு மூன்று விடைகள்

என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்குள் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "ஜெர்மன்காரன் பிழை விடமாட்டான்" என்றார். நான் கணவாய்க் கறிக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டிருந்தேன். எந்த ஜெர்மன்காரன் என்று கேட்பதற்குள் மாடிக்குப் போய், துவக்கைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு இறங்கி வந்தார். தலைமயிரில் புல். இரண்டு முழங்கையிலும் சேறு. முகம், பரீட்சையில் கோட்டைவிட்டு வந்தவரின் முகம்.

"என்னப்பா நடந்தது?"

"பத்து வெடி வைச்சனான். ஒண்டும் படேல்லை."

துவக்கு என்றதும் வாசிப்பவர்கள் பதற வேண்டாம். இல்ஃபோர்ட்டில் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒரு வீட்டு வரிசையில் நாங்கள் இருக்கிறோம். எங்கள் வீட்டு மாடி அலுமாரிக்குள் ஓர் இரும்புப் பெட்டகம், அதற்குள் ஒரு நீளத் துவக்கு, அதற்குப் பொலிஸ் கொடுத்த பத்திரம், எல்லாம் முறைப்படி இருக்கின்றன. அதை வைத்து அவர் சுடுவது கடதாசியை மட்டும். கிழமை நாட்களில் கிழக்கு லண்டன் வீடுகளின் கேஸ் பொய்லர்களைத் திருத்துகிறார். மாதத்தில் இரண்டு ஞாயிறு, சர்ரேயில் உள்ள ஒரு பெரிய சுடுதளத்துக்குப் போய், வயிறு நிலத்தில் பட நாள் முழுக்கப் படுத்திருக்கிறார். வேறு பெண்களின் கணவன்மார் வீட்டுச் சோபாவில் படுத்திருப்பதை நினைத்தால் எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை.

இந்தப் பழக்கம் அவருக்கு வந்தது சுவிஸில். இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி, ஒரு மலைக் கிராமத்து ரெஸ்டோரன்ட் குசினியில் கோப்பை கழுவப் போனவர். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் தபால்காரர், மாட்டுப்பண்ணைக்காரர், பாடசாலை அதிபர் எல்லோரும் வரிசையாகப் படுத்துத் துவக்குச் சுடுவார்களாம். அது அங்கே எங்கள் ஊர்க் கரப்பந்தாட்டம் மாதிரி. கடவுச்சீட்டுக் கிடைத்த அடுத்த மாதம் இவரும் போய் வரிசையில் படுத்தார். பிறகு என்னைக் கட்டி லண்டனுக்கு வந்தபோது மூன்று பொருட்களைக் கொண்டுவந்தார்: ஒரு பாற்கட்டி வெட்டும் கத்தி, ஜெர்மன் மொழி, மெத்தப் பெரிய கர்வம். துவக்கு இங்கே வந்து பல வருடங்களுக்குப் பிறகு வாங்கியது.

அவருடைய அக்கா, என் மச்சாள், பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறார். தம்பி துவக்கு வாங்கிய செய்தியைக் கேட்டதும் போனில் ஒரு நிமிடம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. "துவக்குக்குப் பயந்துதானே அம்மா இவனைக் காணியை வித்து அனுப்பினவ. இவன் காசு குடுத்துத் துவக்கு வாங்கியிருக்கிறான்" என்றார். போன வருடம் என் கணவர், "அக்கா, இனி நான் ஆயிரம் யார் சுடப் போறன்" என்று சொன்னபோது மச்சாள், "ஆயிரம் பேரையோ? விசரே உனக்கு?" என்று கத்தியது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. யார் என்பது தூர அளவு, துணிக்கடையில் அளப்பதுதான் என்று விளக்கி முடிக்க எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது.

பத்திரத்துக்கு விண்ணப்பித்தபோது பொலிஸிலிருந்து ஒரு பெண்மணி வீடு பார்க்க வந்தார். பெட்டகத்தின் ஆணிகளை அசைத்துப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கேட்டார்: "உங்கள் கணவருக்குக் கோபம் வருமா?"

"மென்பொருளோடு மட்டும் வரும்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டாரா என்று தெரியாது. ஆனால் இரண்டு மட்டன் ரோல் சாப்பிட்டார். பத்திரம் வந்தது.

நான் சொன்னது உண்மை. மற்ற நேரம் அவர் சாந்தமான ஆள். கஸ்டமர் பொய்லரைக் கரண்டியால் அடித்துத் திருத்தப் பார்த்திருந்தால்கூடச் சிரித்துக்கொண்டே கழற்றுவார். ஆனால் திரையில் ஒரு பெட்டி வந்து "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்று சொன்னால் பாதிரியார் முன்னால் சொல்ல முடியாத சொற்கள் மூன்று மொழிகளில் வரும். என் தொழிலோ மென்பொருள் சோதனை. ஒரு காப்புறுதிக் கம்பனியில், மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை பிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதே வேலையைப் பல வருடங்களாக இலவசமாகச் செய்கிறேன்; நன்றி கிடைத்ததில்லை.

அந்த ஞாயிறு கணவாய்க் கறியும் புட்டும் சாப்பிட்டு முடிய, அவர் போனை மேசையில் வைத்து விளக்கத் தொடங்கினார். சன்னம் துவக்கை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து கீழே விழத் தொடங்குகிறது. ஆயிரம் யார் போவதற்குள் எங்கள் வீட்டுப் புகைபோக்கியின் உயரத்துக்கு விழுந்துவிடும். ஆகவே அந்த அளவுக்கு மேலே பார்த்துச் சுட வேண்டும். துவக்கின் தொலைநோக்கியில் ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருப்பினால் கிளிக், கிளிக் என்று சத்தம் வரும். ஒரு கிளிக் என்பது ஆயிரம் யார் தூரத்தில் இரண்டரை அங்குலம். எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று சொல்வதற்குத்தான் செயலிகள் இருக்கின்றன. சன்னத்தின் நிறை, வேகம், குளிர், காற்றழுத்தம் எல்லாம் தட்டினால் ஓர் இலக்கம் வரும்.

"என்ர ஜெர்மன் ஆப் தொண்ணூற்றெட்டு எண்டது. தொண்ணூற்றெட்டு வைச்சுச் சுட்டனான். எல்லாம் மண்ணுக்கை போகுது. பக்கத்திலை படுத்திருந்தவங்கள் ஏத்து, ஏத்து எண்டாங்கள். நான் ஏன் ஏத்த வேணும்? ஆப் தொண்ணூற்றெட்டு எண்டு சொல்லுது."

"பத்து வெடிக்கும் ஏத்தேல்லையோ?"

"கணக்கைக் கணக்கெண்டுதானே எடுக்க வேணும்."

வீட்டுக்கு வரும் வழியில், பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி, இன்னும் இரண்டு செயலிகளை இறக்கியிருந்தார். ஒன்று இலவசம், இடைக்கிடை மீன் தூண்டில் விளம்பரம் வரும். அது நூற்றிமுப்பத்தொன்று என்றது. மற்றது விலை கூடியது. கிளப்பில் ஒரு வயதான வெள்ளைக்காரர், ஓய்வுபெற்ற பல் வைத்தியர், அதைத்தான் பாவிக்கிறாராம். பூமி சுற்றுவதைக்கூட அது கணக்கில் எடுக்குமாம். அது நூற்றிமுப்பத்துநாலு என்றது.

"ரெண்டு ஒரு மாதிரிச் சொல்லுது, ஒண்டு வேறை மாதிரிச் சொல்லுது. அப்ப அந்த ஒண்டுதானே பிழை?" என்றேன்.

"இது என்ன தேர்தலே வோட்டு எண்ண?" என்றார். "அவன் ஜெர்மன்காரன். மற்ற ரெண்டும் ஆர் செய்ததெண்டு ஆருக்குத் தெரியும்?"

"போனைத் தாங்கோ, நான் பாக்கிறன்."

"உமக்கு ஜெர்மன் தெரியாது."

இந்தப் பதிலோடு அன்றைக்கு விசாரணை முடிந்தது. ஆனால் எனக்குள் தொழில் புத்தி விழித்துவிட்டது. அடுத்த நாள் எலிசபெத் லைன் ரயிலில் வேலைக்குப் போகும்போது மடிக்கணினியில் ஒரு அட்டவணை போட்டேன். மூன்று செயலி, ஒரே துவக்கு, ஒரே சன்னம், ஒரே காலநிலை. இருநூறு யாரிலிருந்து ஆயிரம் யார் வரை ஒவ்வொரு நூறுக்கும் ஒவ்வொரு வரி. ஜெர்மன் நிரலுக்குரிய இலக்கங்களை அவரே ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் வாசித்துச் சொல்ல, நான் எழுதினேன். வேற்று நாட்டுத் தூதரோடு பேச்சுவார்த்தை நடத்துவது மாதிரி இருந்தது.

அட்டவணை ஒரு கதை சொன்னது. இருநூறு யாரில் மூன்றும் ஒரே விடை. முந்நூறில் இரண்டு விரல் அகல வித்தியாசம். அறுநூறில் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட. ஆயிரத்தில் ஏழு அடி. அதுவரை அவர் முந்நூறு யாரில் சுட்டதால்தான் பிழை தெரியவில்லை. கிட்டத்தில் கண்ணுக்குப் படாத பிழை, தூரத்தில் ஆளைவிட உயரமாக வளர்ந்திருக்கிறது. மற்ற இரண்டு செயலிகளுக்கும் இடையில் இருந்ததெல்லாம் ஆயிரத்தில் ஒரு சாண் மட்டும்.

அவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இது எல்லாம் கடதாசியிலை. உண்மையிலை சன்னம் எங்கை போகுதெண்டு நீர் பாத்தனீரோ?"

நான் வேலை செய்யும் இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கும் ஆள் நான்தான். என் ஆயுதத்தை எடுத்து என்னையே குத்திவிட்டார்.

"சரி, வாறன். நானே பாக்கிறன்" என்றேன்.

அடுத்த ஞாயிறு காலைப் பூசையைத் தவறவிட்டுச் சர்ரேக்குப் போனேன். சுடுதளம் என்பது பெரிய புல்வெளி. ஒரு முனையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள். மறு முனையில் வரிசையாக ஆறு அடிச் சதுரக் கடதாசிகள், நடுவில் கறுப்பு வட்டம். பாய் விரித்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த வட்டம் தோசையில் விழுந்த மிளகு போல இருந்தது. சன்னம் எங்கே படுகிறது என்று யாராவது அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காக இலக்குகளுக்கு அடியில் ஆழமான கொங்கிறீட் பள்ளம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். முன்னால் பெரிய மண் அணை. பள்ளத்தில் நிற்பவர்கள் ஒவ்வொரு வெடிக்கும் இலக்கைக் கீழே இழுத்து, துளையில் ஓர் அடையாளத்தைக் குத்தி, மறுபடி மேலே ஏற்றுகிறார்கள். சன்னம் தலைக்கு மேலால் போகும். பள்ளத்துக்குள் இருக்கும்வரை பாதுகாப்பு என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள்.

என்னோடு பள்ளத்துக்கு வந்தவர் அந்தப் பல் வைத்தியர். எழுபது தாண்டிய, ஒல்லியான, வெள்ளைப் புருவக்காரர். பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார். என்னிடம் ஒரு அளவு நாடா, அட்டவணை, பென்சில். அவரிடம் வோக்கி-டோக்கி, ஒரு ஃபிளாஸ்க் தேநீர்.

"எந்தச் செயலியில் தொடங்குகிறார்?" என்று கேட்டார்.

"ஜெர்மன்" என்றேன். அவர் மண் அணையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

வோக்கி-டோக்கியில் என் கணவரின் குரல் வந்தது. "ரெடியோ?" பல் வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தலையாட்டினார். நான் "ஓம்" என்றேன்.

பிறகு நடந்ததை நான் ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன். தூரத்திலிருந்து சுட்டால் முதலில் வருவது துவக்கின் சத்தம் இல்லை. சன்னம் காற்றைக் கிழிக்கும் சத்தம்தான் முதலில் வரும், சவுக்கை உதறியது போல ஒரு அடி. துவக்கின் சத்தம் பின்னால் ஆறுதலாக வரும். இது எனக்கு யாரும் படிப்பித்ததில்லை. மன்னாரில் ஒன்பது வயதிலேயே தெரியும். அந்த அடி விழுந்தது. மண் அணையின் உச்சியிலிருந்து ஒரு கூடை மண் எழும்பி எங்கள் மேல் பொழிந்தது. அடுத்தபடி எனக்குத் தெரிந்தது, நான் கொங்கிறீட்டில் முகம் குப்புறக் கிடக்கிறேன். இரண்டு கையும் காதில். வாய் திறந்திருக்கிறது, ஷெல் விழும்போது வாயைத் திறந்து வைக்க வேண்டும் என்று ஊரில் பங்கரில், பதுங்குகுழிக்குள், சொல்லித் தந்திருந்தார்கள். அந்தத் திறந்த வாய்க்குள்ளிருந்து "அருள் நிறைந்த மரியே" வந்துகொண்டிருந்தது. தவறவிட்ட பூசையை அங்கே சரிக்கட்டினேன் போலும்.

நாற்பத்தேழு வயது. கம்பனியில் எனக்குக் கீழே ஆறு பேர். சர்ரேயில் சேற்றில் கிடக்கிறேன்.

"ஏதாவது விழுந்துவிட்டதா?" என்று பல் வைத்தியர் கேட்டார்.

"தோடு" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

மனுசன் உடனே முழங்காலில் இறங்கித் தேடத் தொடங்கினார். மூட்டு இரண்டும் முறியும் சத்தம் கேட்டது. என் இரண்டு காதிலும் தோடு இருப்பதைக் கண்டதும் தேடுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் அப்படியே முழங்காலில் இருந்தார். பிறகு, "வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களை நாற்பது வருடம் பார்த்தவன் நான். அவசரமில்லை. ஆறுதலாக எழும்புங்கள்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வேறொன்றும் வந்தது. அதை முழங்கையால் துடைத்தேன். முகத்தில் மண் இன்னும் கூடியதுதான் மிச்சம். அவர் ஃபிளாஸ்கின் மூடியில் தேநீர் ஊற்றித் தந்தார். சீனி இல்லாத, பால் கூடிய, ஆறிப்போன தேநீர். முழுவதும் குடித்தேன்.

வோக்கி-டோக்கி கரகரத்தது. "இஞ்சாரும், எங்கை பட்டது? ஏன் ஒருத்தரும் பேசுறீங்களில்லை?"

பல் வைத்தியர் என்னைப் பார்த்தார். போதுமா, நிறுத்தச் சொல்லவா என்று கண்ணால் கேட்டார்.

நான் வோக்கி-டோக்கியை வாங்கினேன். "உங்கடை ஜெர்மன்காரன் என்ர தலையிலை மண் கொட்டினவன். அவன் போதும். இலவச ஆப்பின்ர இலக்கத்தை வையுங்கோ."

 பிறகு, "நூற்றிமுப்பத்தொண்டு" என்று மனமில்லாத ஒரு குரல்.

இந்த முறை இலக்குத் தூக்கும் இரும்புச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அடி விழுந்தது. ஆள் விழவில்லை. இலக்கை இழுத்து இறக்கினோம். மையத்திலிருந்து ஒரு சாண் கீழே, சுத்தமான, சுண்டுவிரல் நுழையாத ஒரு துளை. எனக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை; அந்தத் துளையைக் கண்டதும் பயம் வேலையாக மாறிவிட்டது. நாடாவை வைத்து அளந்தேன். எழுதினேன். இன்னும் இரண்டு வெடி கேட்டேன். பிறகு நூற்றிமுப்பத்துநாலில் மூன்று. அந்த மூன்றும் கறுப்பு வட்டத்துக்குள், மையத்தைச் சுற்றி. "பூமி சுற்றுகிறது, பார்த்தீர்களா" என்று பல் வைத்தியர் தன் பிள்ளை பரிசு வாங்கியது போலச் சொன்னார்.

மதியம் தேநீர்க் குடிலில் என் கணவர் எனக்கு எதிரே உட்கார்ந்து பொரித்த முட்டை பாண் சாப்பிட்டார். என் உடம்பு முழுக்க மண் இருப்பதை அவர் கவனித்தார், ஆனால் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அப்போது வேண்டியது அந்த ஜெர்மன் செயலி மட்டும். அவர் தக்காளி சோஸ் எடுக்க எழும்பிய இடைவெளியில் அவருடைய போனின் திரைக்கு மேல் என் போனின் கமராவைப் பிடித்து, மொழிபெயர்க்கச் சொன்னேன். ஜெர்மன் சொற்கள் ஒவ்வொன்றாக ஆங்கிலமாகின. இதை முதல் நாளே செய்திருக்கலாம். தொழில் புத்தி விழித்ததே தவிர முகம் கழுவியிருக்கவில்லை.

பிழை அங்கேயே கிடந்தது. ஒரு சன்னம் காற்றை எவ்வளவு லாவகமாக வெட்டுகிறது என்பதற்கு ஓர் இலக்கம் உண்டு. அதைத் தனியாகச் சொல்ல முடியாதாம். ஒரு மாதிரிச் சன்னத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்களாம். எங்கள் குடும்பங்களில் ஒவ்வொரு பிள்ளையையும் பெரியம்மாவின் மகனோடு ஒப்பிடுவதைப் போல. பிரச்சினை என்னவென்றால் சன்ன உலகத்தில் இரண்டு பெரியம்மா மகன்கள் இருக்கிறார்கள். ஒருவன் பழைய காலத்துக் கட்டைக் குண்டன். மற்றவன் இந்தக் காலத்து நீளமான, வால் மெலிந்த ஒல்லியன். குண்டனோடு ஒப்பிட்டால் எங்கள் சன்னம் கெட்டிக்காரன், பெரிய இலக்கம். ஒல்லியனோடு ஒப்பிட்டால் சுமார், பாதி இலக்கம். சன்னப் பெட்டியில் இரண்டு இலக்கமும் அச்சடித்திருந்தது. ஜெர்மன் செயலி கேட்டது ஒல்லியனின் இலக்கத்தை. என் கணவர் பெரியதாக இருக்கிறதே என்று குண்டனின் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். இவ்வளவு கெட்டிக்காரச் சன்னம் என்றால் அவ்வளவாக விழாது என்று செயலியும் நம்பிவிட்டது.

இலக்கத்தை மாற்றினேன். நூற்றிமுப்பத்துமூன்று என்று வந்தது.

அவர் சோஸோடு திரும்பி வந்தார். போனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வாசித்தார். மறுபடி வாசித்தார். பல் வைத்தியர் அடுத்த மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். என் வாழ்நாளில் நான் பிடித்த பிழைகளில் இதைப் போல இனித்தது வேறில்லை. மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"பாத்தீரோ?" என்றார் அவர். "ஆப்பிலை ஒரு பிழையும் இல்லை. நான் அப்பவே சொன்னனான்."

முட்டை பாணில் பாதியை நான் பிடுங்கிச் சாப்பிட்டேன்.

பிற்பகல் மூன்று செயலிகளும் சண்டை பிடிக்காமல் கிட்டத்தட்ட ஒரே விடை சொன்னதால், உயரம் சரியாகிவிட்டது. அப்போது காற்று வந்தது. ஆயிரம் யாரில் ஒன்றன் பின் ஒன்றாகக் கொடிகள் நட்டிருக்கிறார்கள்; முதல் கொடி இடம் பார்க்க, நடுக்கொடி வலம் பார்க்க, கடைசிக் கொடி தூங்கியது. காற்று எவ்வளவு என்று மூன்று செயலிகளும் மரியாதையாகக் கேட்டன. அது தெரிந்தால் உங்களை ஏன் கேட்கிறோம் என்று என் கணவர் ஜெர்மனில் திட்டினார். சன்னம் நாலு அடி இடப்பக்கம் போனது. பூமியின் சுழற்சியைக் கணக்கிட்ட பல் வைத்தியருடையது அதைவிடத் தூரம் போனது. பக்கத்து ஆளின் இலக்கில் பட்டு, அவருக்குப் புள்ளி சேர்த்துக் கொடுத்தது.

நான் வீட்டுக்கு வந்து ஒரு அறிக்கை எழுதினேன். பதினொரு பக்கம். மூன்று செயலிகளையும் துல்லியம், வேகம், பிழையான இலக்கம் கொடுத்தால் எச்சரிக்கிறதா இல்லையா, என்று பிரித்து வரிசைப்படுத்தினேன். இதைப் பல் வைத்தியர் கிளப் செயலாளருக்கு அனுப்ப, புதிதாகச் சேர்பவர்களுக்கு எந்தச் செயலியைச் சொல்லிக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். இருபது வெள்ளைத் தலைகளுக்கு முன்னால், சேலை கட்டாமல், ஆனால் அதற்குரிய பதற்றத்தோடு நின்று விளக்கினேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். நல்ல கேள்விகள் கேட்டார்கள். கைதட்டினார்கள். பிறகு கை உயர்த்தி வாக்களித்து, நான் மூன்றாம் இடத்தில் வைத்த, மீன் தூண்டில் விளம்பரம் வருகிற இலவசச் செயலியைத் தெரிவு செய்தார்கள். அதில் எழுத்துப் பெரிதாக இருக்கிறதாம். மூக்குக்கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடிகிறதாம்.

என் பதினொரு பக்கத்தில் எழுத்தின் அளவைப் பற்றி ஒரு வரி இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

திரும்பி வரும்போது எம்25 நெடுஞ்சாலை வழமை போல நகராமல் கிடந்தது. அவர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு கேட்டார்: "அடுத்த ஞாயிறு வாறீரோ? டென்டிஸ்ட் உம்மைக் கேட்டவர். கீழை உம்மை மாதிரி அளந்து சொல்ல ஆளில்லையாம்."

"தெரியேல்லை" என்றேன்.

"ஏன்?"

சொல்வதா விடுவதா என்று கார் இரண்டு லொறி நீளம் ஊரும் வரை யோசித்தேன். பிறகு சொன்னேன். மண் விழுந்தது, நான் விழுந்தது, காதில் கை வைத்தது, இல்லாத தோட்டை அந்த மனுசன் தேடியது, எல்லாம். சிரித்துச் சிரித்துத்தான் சொல்லத் தொடங்கினேன். பங்கர் என்ற சொல் வந்த இடத்தில் சிரிப்புக் காணாமல் போய்விட்டது.

அவர் அடுத்த சேர்விஸ் நிலையத்துக்குள் காரைத் திருப்பி, வரிசையின் கடைசியில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். என்ஜினை நிறுத்தினார். முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவிஸிலை முதல் நாள்," என்றார், "நான் இன்னும் வெடி வைக்கேல்லை. பக்கத்திலை படுத்திருந்தவன் வைச்சவன். அந்தச் சத்தத்திலை எனக்கு... போயிட்டுது."

"என்ன போனது?"

"மூத்திரம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய காது சிவந்திருந்தது.

"என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? எழும்பினால் தெரிஞ்சுபோம். பின்னேரம் வரைக்கும் படுத்தே கிடந்தனான். எல்லாரும் போன பிறகுதான் எழும்பினது. இவனுக்குச் சரியான ஆர்வம் எண்டு அவங்கள் நினைச்சிட்டாங்கள். அடுத்த கிழமையே மெம்பராக்கிப்போட்டாங்கள்."

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. முதலில் மூக்கால் வந்தது. பிறகு அவருக்கும் வந்தது. கார் குலுங்கியது. குப்பை போட வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு வேறு தொட்டிக்குப் போனார். இவ்வளவு வருடம் ஒரே கட்டிலில் படுக்கிறோம். இதை நான் கேள்விப்பட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். கேட்க எனக்கும் தோன்றியதில்லை.

"அப்ப ஏன் திரும்பப் போனனீங்கள்?" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

 "பின்னேரம் வரைக்கும் படுத்துக் கிடந்து பாத்தனான், சட்டம் போட்ட மாதிரி ஒழுங்கா வெடி வைச்சாங்கள். எப்ப சத்தம் வருமெண்டு முதலே தெரியும். ரெடி எண்டு சொல்லிப்போட்டுத்தான் வைப்பாங்கள். ஊரிலை ஒருத்தரும் ரெடியோ எண்டு கேக்கேல்லையே."

உள்ளே போய் இரண்டு பேரும் கோப்பி குடித்தோம். ஒரு பெரிய சிப்ஸ் வாங்கி மிளகாய்த்தூள் இல்லாத குறையைப் பேசிக்கொண்டே முடித்தோம்.

அடுத்த ஞாயிறு, முதல் நாள் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விட்டதால், காலையில் மனக்குறை இல்லாமல் புறப்பட்டேன். பள்ளத்தில் பல் வைத்தியர் இரண்டு ஃபிளாஸ்க் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் சீனி போட்டிருந்தது. வோக்கி-டோக்கியில் என் கணவர் கேட்டார், "ரெடியோ?"

"பொறுங்கோ" என்றேன். சட்டத்தைப் பிடித்தேன். தேநீரை ஒரு மிடறு குடித்தேன். அந்தப் பக்கத்தில் ஆயிரம் யாருக்கு அப்பால் அவர் பேசாமல் காத்திருந்தார். எனக்குச் சரி என்று பட்ட பிறகுதான் "ஓம்" சொன்னேன்.